அங்கவடி வரைந்த பேனா

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, 'என் வீட்டில் பூட்டுப் போட்டு வைத்திருக்கும் ஒரே பொருள், சின்ன வயதில் ஓவியரிடமே கையெழுத்து வாங்கிய படக்கதைப் புத்தகம்' என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. ஆகவே இந்த இதழில் அரசியல் இல்லை, சினிமா இல்லை. காமிக்ஸும் கையெழுத்தும் மட்டும்.

கேள்வி: அந்தப் புத்தகத்தின் கதையை முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை!
- வாசகி, விருதுநகர்

பதில்: உத்தரவு! 1979, முழு ஆண்டு விடுமுறை, மதுரை. எனக்குப் பதினொரு வயது. எங்கள் தெருமுனையில் போர்டு எழுதும் கடை ஒன்று இருந்தது. வாசலில் தகரங்களைச் சாத்தி வைத்திருப்பார்கள். உள்ளே போனால் டர்பன்டைன் வாசம். அங்கே இருந்தவரை நாங்கள் 'பெயிண்டர் மாமா' என்போம். வெயில் தாழும்வரை அவர் கடைத் திண்ணையில் உட்கார்ந்து படிக்க எங்களுக்கு அனுமதி உண்டு. பெயிண்ட் டப்பாவைத் தட்டிவிடக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை.

அன்றைக்கு நான் கொண்டுபோனது பழைய புத்தகக் கடையில் நாற்பது பைசாவுக்கு வாங்கிய ராஜா கதை. 32 பக்கம். அட்டையில் கதையின் பெயர், பின்னட்டையில் அச்சகத்தின் பெயர், வேறு ஒரு பெயரும் கிடையாது. டீ கிளாஸோடு வந்த மாமா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "டேய், இது நான் போட்ட படம்டா" என்றார்.

நான் நம்பவில்லை. "அப்படின்னா இந்தக் குதிரையைப் போடுங்க பாப்போம்" என்றேன். கறுப்பு அடித்துக் காயவைத்திருந்த தகரத்தில் சாக்பீஸால் முதுகுக்கு ஒரு வளைவு, கழுத்துக்கு ஒரு வளைவு, வாலுக்கு ஒரு வீச்சு. புத்தகத்தின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் மடியில் இருந்த குதிரை தகரத்தில் வந்து நின்றது.

அதுவரை படக்கதை என்பது புளியமரத்தில் புளி காய்க்கிற மாதிரி எங்கோ தானாகக் காய்த்துக் கடைக்கு வருகிறது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு மனிதர் குந்தி உட்கார்ந்து கட்டம் கட்டமாகப் போடுகிறார் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை. வாய் பேசாமல் புத்தகத்தை நீட்டினேன். "எந்தப் பக்கம் உனக்கு ரொம்பப் புடிச்சுது?" என்று கேட்டார். அப்படி ஒரு கேள்வியை அதற்கு முன்பு யாரும் என்னிடம் கேட்டதில்லை. பதினான்காம் பக்கத்தைப் பிரித்தேன். இளவரசன் குதிரையோடு பள்ளத்தைத் தாண்டும் படம்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அடடா, பயலுக்குக் கால் அந்தரத்துல தொங்குதே! அங்கவடியை விட்டுட்டேன் பாரு" என்றார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். வாரை இழுத்து, வளையத்தைப் போட்டு, வளையத்துக்குள் பாதத்தைப் பொருத்தி, அடியில் ஒரு துளி நிழலும் வைத்தார். குதிரையின் குளம்புக்குக் கீழே கையெழுத்து. மை காய ஊதிக்கொண்டே சொன்னார்: "இனி விழமாட்டான்."

அதே கதை அச்சான எல்லாப் பிரதிகளிலும் அந்த இளவரசன் பிடிப்பில்லாமல்தான் பறந்துகொண்டிருக்கிறான். என்னிடம் இருப்பவன் மட்டும் ஊன்றி உட்கார்ந்திருக்கிறான்.

கேள்வி: என்ன பேனா?
- வாசகர், சாத்தூர்

பதில்: மைப்பேனா. நீல மை. பால்பாயின்ட்டாக இருந்திருந்தால் நிழல் அவ்வளவு மெத்தென்று விழுந்திருக்காது.

கேள்வி: காமிக்ஸ் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் வழக்கம் அந்தக் காலத்திலேயே உண்டா?
- கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பழைய சம்பவம் பெல்ஜியத்தில் நடந்தது. டின்டின் முதன்முதலில் 1929 ஜனவரியில் பிரஸ்ஸல்ஸ் நாளிதழ் ஒன்றின் சிறுவர் இணைப்பில் வந்தான். மறு ஆண்டு அந்தத் தொடரைப் புத்தகமாக்கினார்கள். முதல் 500 பிரதிகளுக்கு எண் போட்டு, ஒவ்வொன்றிலும் அவனைப் படைத்த ஓவியர் எர்ஜே கையெழுத்திட்டார். தன் பெயரை அல்ல, 'டின்டின்' என்று! பக்கத்தில் நாய்க்குட்டியின் பாதச் சுவடு. அதை வரைந்தவர் அந்த அலுவலகத்தில் செயலாளராக இருந்த ஜெர்மேன் கீக்கன்ஸ். பின்னாளில் எர்ஜேயின் மனைவியானவர்.

அந்தப் பிரதி கிடைத்த பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்? கதாநாயகனே பேனா பிடித்துப் பெயர் எழுதியிருக்கிறான், அவனுடைய நாய் பக்கத்தின் மேல் ஏறி மிதித்திருக்கிறது. 'எர்ஜே' என்பதே கையெழுத்திலிருந்து பிறந்த பெயர்தான். ஜார்ஜ் ரெமி என்ற பெயரின் இரண்டு முதலெழுத்துகளைத் திருப்பிப் போட்டு, பிரெஞ்சுக்காரர் வாயால் சொல்லுங்கள். எர், ஜே.

கேள்வி: எங்கள் தலைமுறையின் நாயகன் இரும்புக்கை மாயாவி. அதில் கையெழுத்து வாங்க வேண்டுமானால் யாரிடம் போயிருக்க வேண்டும்?
- ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், கோவில்பட்டி

பதில்: பார்சிலோனாவுக்குப் போயிருக்க வேண்டும் ஐயா. உங்கள் கேள்விதான் இந்தக் கட்டிலேயே எனக்கு மிக நெருக்கமானது.

1972-ல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். மூலக்கதை 1962-ல் லண்டனிலிருந்து வந்த 'வேலியன்ட்' வார இதழில் தொடங்கியது. எழுதத் தொடங்கியவர் கென் பல்மர், பிறகு டாம் டல்லி. வரைந்தவர் ஹெசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர். அந்த நிழலும் வெளிச்சமும், வியர்த்து வழியும் அந்த முகங்களும் அவருடையவை. பார்சிலோனாக்காரர். 1995-ல் காலமானார்.

லண்டன் வார இதழ்களில் அந்த நாளில் எழுதியவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் போட மாட்டார்கள். ஓவியர் மூலையில் கையெழுத்திட்டிருந்தால்கூட வெள்ளை மை வைத்து அழித்துவிடுவது உண்டு. லண்டனிலேயே இல்லாத பெயர் சிவகாசிக்கு எப்படி வரும்? நாம் ஒவ்வொரு கட்டத்தையும் மனப்பாடம் செய்தோம், போட்டவர் பெயர் மட்டும் தெரியாமலே வளர்ந்தோம். 1977-ல் '2000 ஏடி' வந்து, வரைபவர் எழுதுபவர் பெயர்களை அச்சிடத் தொடங்கிய பிறகுதான் அங்கே நிலைமை மாறியது.

மாயாவிக்கு மின்சாரம் பாய்ந்தால் என்ன ஆகும்? உடல் மறைந்துவிடும், கை மட்டும் தெரியும். பிளாஸ்கோவும் அப்படித்தான் இருந்தார் நமக்கு. கை மட்டும் தெரிந்தது.

கேள்வி: அப்படியானால் தமிழ்ப் பதிப்பில் ஆசிரியரிடம் கையெழுத்து வாங்குவது பொருத்தமா? அவர் படைப்பாளி இல்லையே?
- வாசகர், ஈரோடு

பதில்: வாங்குங்கள், தயங்கவே வேண்டாம். 'ஸ்டீல் கிளா' என்று மூலப் பெயரைச் சொன்னால் உங்களுக்கு உடம்பு சிலிர்க்கிறதா? 'இரும்புக்கை மாயாவி' என்றால் சிலிர்க்கிறதல்லவா? அந்தப் பெயர் இங்கே பிறந்தது. பிரான்ஸின் புளூபெர்ரியை 'கேப்டன் டைகர்' ஆக்கி நம்மிடம் உலவவிட்டதும் சிவகாசிதான். 1984-ல் லயன் காமிக்ஸைத் தொடங்கிய எஸ். விஜயன் இன்றைக்கும் பிரெஞ்சு, இத்தாலியக் கதைகளைத் தமிழ் பேசவைத்துக்கொண்டிருக்கிறார். பாத்திரம் வாயைத் திறந்ததும் வரும் முதல் சொல் மொழிபெயர்ப்பாளருடையது. ஒரு பக்கத்தில் இரண்டு கையெழுத்துக்கு இடம் உண்டு.

கேள்வி: வரைந்தவர் ஒருவர், கையெழுத்து இன்னொருவருடையது என்று நடந்திருக்கிறதா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: நடந்திருக்கிறது, அதுவும் பல ஆண்டுகள். பேட்மேன் 1939-ல் வந்தான். 'பாப் கேன்' என்ற பெயர் கதைகளின் முகப்பில் தொடர்ந்து நின்றது. அவருக்காக வேறு ஓவியர்கள் வரைந்த கதைகளிலும் அதே பெயர்தான். மேலங்கியையும் முகமூடியையும் இப்படி வையுங்கள் என்று சொன்னவர், புரூஸ் வெய்ன் என்று பெயர் வைத்தவர், எத்தனையோ கதைகளை எழுதியவர் பில் ஃபிங்கர். அவர் 1974-ல் இறந்துபோனார். படைத்தவர்களில் ஒருவர் என்ற முறையான அங்கீகாரம் அவர் பெயருக்குக் கிடைத்தது 2015-ல். நாற்பத்தொரு ஆண்டு கழித்து! வங்கிக் கணக்கு மாதிரி இதற்கு வாரிசுக்கு வட்டி கொடுத்துச் சரிக்கட்ட முடியாது. எத்தனை பிள்ளைகள் அவரைத் தேடிப் போய் 'ஐயா, இந்தப் பக்கத்தில் போடுங்கள்' என்று நின்றிருக்கலாம்!

கேள்வி: டொனால்ட் டக் புத்தகங்களில் வால்ட் டிஸ்னியின் கையெழுத்து அட்டையிலேயே இருக்கிறதே, அது சேர்த்தியா?
- எட்டாம் வகுப்பு மாணவன், கும்பகோணம்

பதில்: தம்பி, அது அச்சிட்டது. எல்லாப் பிரதியிலும் ஒரே மாதிரி இருக்கும், தொட்டால் பேனா அழுத்திய தடம் இருக்காது. அந்த வாத்துக் கதைகளில் மிக நல்லவற்றை எழுதி வரைந்தவர் கார்ல் பார்க்ஸ். 1947-ல் ஸ்குரூஜ் மாமாவைப் படைத்தவரும் அவர்தான். அந்த நாளில் புத்தகத்தில் அவர் பெயர் இருக்காது. ஆனால் பிள்ளைகளின் கண் இருக்கிறதே, அதை ஏமாற்ற முடியாது. இந்தக் கதை அவர் போட்டது, இது வேறு யாரோ போட்டது என்று கோட்டைப் பார்த்தே பிரித்தார்கள். பெயர் தெரியாததால் 'நல்ல வாத்து ஓவியர்' என்று தாங்களே ஒரு பெயர் வைத்தார்கள். ரசிகர் ஒருவர் முகவரியைத் துருவிக் கண்டுபிடித்து 1960-ல் கடிதம் போட்டார். கூட வேலை செய்பவர்கள் யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் பார்க்ஸ் முதலில் நினைத்தாராம். அப்போது அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. 2000-ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார். தன் பெயர் தெரிந்த வாசகர்களோடு இன்னும் நாற்பது ஆண்டு. நினைத்தாலே வயிறு குளிர்கிறது.

கேள்வி: காமிக்ஸ் உலகிலேயே விலைமதிப்பற்ற கையெழுத்து எது?
- வாசகர், கரூர்

பதில்: விலையில்லாதது எது என்று தெரியாது, மிகவும் விலை கொடுக்க நேர்ந்தது எது என்று தெரியும். அது புத்தகத்தில் போட்டதல்ல, காசோலையின் முதுகில் போட்டது.

1938. ஜெர்ரி சீகல் எழுதுவார், ஜோ ஷுஸ்டர் வரைவார். கிளீவ்லாந்துப் பையன்கள், இருவருக்கும் இருபத்துமூன்று வயது. பதிப்பகம் 412 டாலருக்கு ஒரு காசோலை கொடுத்தது. அதில் 130 டாலர் சூப்பர்மேனுக்கு. ஒரு கதைக்கு அல்ல, சூப்பர்மேன் என்ற பாத்திரத்தின் உரிமை முழுவதற்கும். அந்தக் காசோலையில் இருவர் பெயரையும் பிழையாக எழுதியிருந்தார்கள். அதனால் பிழையான பெயரில் ஒன்றும் சரியான பெயரில் ஒன்றுமாக, ஆளுக்கு இரண்டு கையெழுத்துப் போட்டுத்தான் பணமாக்க முடிந்தது.

அதன் பிறகு சூப்பர்மேன் பறந்தான், இவர்கள் தரையில் நின்றார்கள். வழக்குப் போட்டார்கள். பதிப்பகம் அவர்கள் பெயரையும் எடுத்துவிட்டது. ஷுஸ்டருக்குக் கண் பார்வை மங்கிப்போனது. படம் போட்டுப் பிழைத்தவருக்குக் கண்! 1975-ல் ஜெர்ரி ராபின்சன், நீல் ஆடம்ஸ் போன்ற சக ஓவியர்கள் வீதிக்கு வந்து குரல் கொடுத்த பிறகுதான் ஆண்டுக்கு ஆளுக்கு 20,000 டாலரும், கதையின் முகப்பில் 'படைத்தவர்கள்' என்று அவர்கள் பெயரும் கிடைத்தன. அந்தப் பழைய காசோலை 2012-ல் ஏலத்துக்கு வந்தது. 1,60,000 டாலருக்குப் போனது.

இந்தத் தொகைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பணம் தோன்றுவதில்லை. காசோலையைத் திருப்பி வைத்து, தன் பெயரைத் தப்பாக ஒருமுறை எழுதிவிட்டு, மறுபடி சரியாக எழுதும் அந்த இரண்டு இளைஞர்களின் விரல்கள்தான் தோன்றுகின்றன.

கேள்வி: ஒரே ஓவியர் இரண்டு விதமாகக் கையெழுத்துப் போடலாமா?
- வாசகி, புதுச்சேரி

பதில்: போட்டவர் உண்டு. நம் கேப்டன் டைகரை வரைந்த ஜான் ஜிரோ அந்தக் குதிரைவீரர் கதைகளில் 'ஜிர்' என்று போடுவார். விண்வெளியும் கனவுமாக வரையும்போது 'மோபியஸ்'. கோடும் வேறு, உலகமும் வேறு, பெயரும் வேறு. 2012-ல் அவர் மறைந்தபோது இரண்டு ஓவியர்களை ஒரே நாளில் இழந்தோம்.

கேள்வி: பிரான்ஸில் கையெழுத்துக் கேட்டால் படமே போட்டுத் தருவார்களாமே?
- வாசகர், காரைக்கால்

பதில்: ஆமாம், பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் அது நெடுநாள் மரியாதை. புத்தகத்தின் முதல் வெற்றுப் பக்கத்தில் உங்கள் பெயரை எழுதி, கதாநாயகனை வரைந்து, அதற்குக் கீழேதான் கையெழுத்து. 1974-ல் அங்குலேம் நகரில் தொடங்கிய காமிக்ஸ் விழாவில் இதற்காகவே மணிக்கணக்கில் வரிசை நிற்கும். உங்கள் ஊரில் பிரெஞ்சு தெரிந்த தாத்தாக்கள் இருப்பார்களே, அவர்களுடைய பழைய பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள்.

கேள்வி: சுப்பாண்டி புத்தகத்தில் கையெழுத்து வாங்க ஆசை. யாரிடம் கேட்பது?
- வாசகி, திருச்சி

பதில்: உங்கள் ஊரிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும்! அனந்த் பை 1980-ல் தொடங்கிய 'டிங்கிள்' இதழுக்கு முதல் சுப்பாண்டிக் கதைகளை எழுதி அனுப்பியது திருச்சி வாசகர் ஒருவர். 1983-ல் அச்சேறின. மும்பையில் ராம் வாயீர்கர் அவனுக்கு அந்த நீள மண்டையையும் குச்சிக் கைகால்களையும் கொடுத்தார். அமர் சித்திரக் கதை வரிசையில் 'கிருஷ்ணா'வை வரைந்த அதே கை. அவருக்குப் பிறகு மகள் அர்ச்சனா ஆம்பேர்கர் வரைகிறார். ஆக, ஒரு வாசகர், ஒரு ஆசிரியர், ஒரு அப்பா, ஒரு மகள். நான்கு பேர் கையெழுத்தும் ஒரே பக்கத்தில் இருந்தால் அதுதான் சுப்பாண்டியின் முழுப் பெயர். இப்போது அது முடியாது. அனந்த் பை 2011 பிப்ரவரி 24 அன்று மறைந்தார். இந்தியாவின் முதல் காமிக் கான் விழாவில் அவருக்கு வாழ்நாள் சாதனை விருது அறிவித்து ஐந்தே நாள் ஆகியிருந்தது. மகளிடம் கேளுங்கள்.

கேள்வி: என் மகனுக்குப் பிடித்த ஓவியர் அடுத்த மாதம் புத்தகக் காட்சிக்கு வருகிறார். பையன் இப்போதே பயப்படுகிறான். போய் நின்று என்ன பேசுவது?
- வாசகி, தாம்பரம்

பதில்: பக்க எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். 'உங்கள் படம் ரொம்ப நன்றாக இருக்கிறது' என்பதை அவர் அன்றைக்கே நூறு பேரிடம் கேட்டிருப்பார். '22-ஆம் பக்கத்தில் மழையில் நிற்கும் அந்த நாய்' என்று உங்கள் பையன் சொன்னால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். அந்த நாயை அவர் எத்தனை மணிக்கு, எந்த மனநிலையில் போட்டார் என்பது அவருக்கு மட்டும் தெரியும். அதைக் கண்டுகொண்ட ஒரு ஆள் எதிரே நிற்கிறான்.

இன்னும் ஒரு யோசனை. கையெழுத்துக்கு அடியில் பெயரைப் படிக்கும்படி எழுதித் தரச் சொல்லுங்கள், ஊரும் தேதியும் சேர்த்து. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது கீழே இன்னொரு பதிலில் இருக்கிறது.

கேள்வி: ஓவியர் மறுத்துவிட்டால்?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். 32 பக்கம் கொடுத்தவர் ஒரு வரியை வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: நான் காமிக்ஸ் படிப்பதே கைப்பேசியில்தான். எதில் வாங்குவேன்?
- மென்பொருள் பொறியாளர், கோவை

பதில்: ஒரு தபால் அட்டையில். பிடித்த கட்டத்தை அதில் நீங்களே பென்சிலால் வரைந்து கொண்டுபோங்கள். எவ்வளவு கோணலாக இருந்தாலும் சரி. அவர் திருத்தாமல் விடமாட்டார்!

கேள்வி: என்னிடமும் கையெழுத்திட்ட பழைய இதழ்கள் இரண்டு இருக்கின்றன. மை வெளுக்கிறது, தாள் பழுப்பாகிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், மன்னார்குடி

பதில்: முதலில், கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தால் இன்றைக்கே இறக்கிவிடுங்கள். மைப்பேனா நீலத்துக்கு வெளிச்சம்தான் முதல் எதிரி. சாயத்தால் செய்த மை அது, வெயில் பட்ட துணி மாதிரி வெளுக்கும். மலிவுத் தாளில் மரக்கூழின் லிக்னின் அப்படியே இருப்பதால், காற்றும் வெளிச்சமும் படப்படப் பழுப்பேறி மொறுமொறுவென்று உடையும்.

லேமினேஷன் செய்யாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். சூடும் பசையும் சேர்ந்து தாளை ஒரேயடியாக முடித்துவிடும். கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டினால் பத்து வருடத்தில் டேப் உதிர்ந்துவிடும், மஞ்சள் கறை மட்டும் நிற்கும். பாலிப்ரோபிலீன் உறை நல்லது, வழவழப்பான பிவிசி உறை வேண்டாம். பின்னால் அமிலமில்லாத அட்டை ஒன்று. புத்தகத்தைப் படுக்க வைத்து, இருட்டான, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள். சமையலறைச் சுவரை ஒட்டிய அலமாரி கூடாது. இராமபாணப் பூச்சிக்கு என் பாட்டி ஏட்டுக்கட்டுக்குச் செய்ததையே நானும் செய்கிறேன்: வசம்பைத் துணியில் முடிந்து அலமாரி மூலையில் வைத்துவிடுவேன், தாளில் படாமல். மழைக்காலம் முடிந்ததும் ஒருநாள் நிழலில் காற்றாட விடுவேன்.

இனிமேல் கையெழுத்து வாங்கப் போகிறவர்களுக்கு: நிறமி மை கொண்ட மெல்லிய பேனாவை நீங்களே எடுத்துப் போங்கள். செய்தித்தாள் ரகத் தாளில் மை ஊறிப் பரவும், அதனால் உள்ளட்டையில் கேட்பது நல்லது. பளபளப்பு அட்டையில் போட்டால் காயும்வரை மூடக் கூடாது.

கேள்வி: உங்கள் புத்தகம் இன்றைக்கு என்ன விலை போகும்?
- வாசகர், சௌகார்பேட்டை

பதில்: விற்கப்போவதில்லை, அதனால் விலையும் இல்லை. அமெரிக்காவில் இதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. தங்கள் ஆள் முன்னிலையில் போட்ட கையெழுத்துக்குச் சான்றளித்து, புத்தகத்தைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து அடைத்துக் கொடுக்கிறார்கள். சாட்சி இல்லாத கையெழுத்தை, யாரோ புத்தகத்தில் கிறுக்கியதாகக் கணக்கில் எடுப்பதும் உண்டு. என் கையெழுத்துக்குச் சாட்சி ஒரு டீ கிளாஸ்தான். தவிரவும், பெட்டிக்குள் வைத்து அடைத்துவிட்டால் பதினான்காம் பக்கத்தை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: எல்லாம் எழுதுகிறீர்கள். அந்தப் பெயிண்டர் மாமாவின் பெயரைப் போன இதழிலும் எழுதவில்லை. ஏன்?
- வாசகி, மதுரை

பதில்: எனக்குத் தெரியாது அம்மா.

கையெழுத்து இருக்கிறது. ஒரு பெரிய சுழி, அதிலிருந்து வலப்பக்கமாக இழுத்த கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. சில நாள் அந்தச் சுழி 'சு' மாதிரி தெரியும், சில நாள் 'மூ' மாதிரி. மற்றவர்கள் பெயரையெல்லாம் தெருக்கோடியிலிருந்து படிக்கும்படி எழுதியவர் அவர். துணிக்கடை, சைக்கிள் கடை, வக்கீல் வீடு, எல்லாப் பெயரும் அவர் கையால்தான். தன் பெயரை ஒரு சுழிக்குள் அடக்கிவிட்டார். பதினொரு வயதில் எனக்கு 'உங்க பேர் என்ன மாமா?' என்று கேட்கத் தோன்றவில்லை. மாமா என்பதே போதுமான பெயராக இருந்தது.

அடுத்த ஆண்டு அப்பாவுக்கு மாற்றல் வந்து ஊரை விட்டுப் போனோம். 1994-ல் அவர் பெயரை விசாரிக்கவென்றே மதுரைக்குப் போனேன். கடை இருந்த இடத்தில் மருந்துக்கடை. எதிர் டீக்கடைப் பெரியவருக்கு அவரை நன்றாக நினைவிருந்தது. "பெயிண்டரா? தங்கமான மனுஷன். தீபாவளிக்கு எங்க கடை போர்டுக்குக் காசு வாங்காம கலர் அடிச்சுக் குடுப்பாரு" என்றார். பெயர்? அவருக்கும் பெயிண்டர்தான். பின்னட்டையில் இருந்த அச்சக முகவரிக்கும் போனேன். அந்த இடத்தில் வீடு எழும்பியிருந்தது.

பாப் கேன் பெயர் இருந்த பக்கங்களில் கை வேறொருவருடையது. என்னிடம் கை இருக்கிறது, பெயர் இல்லை. அதனால்தான் புத்தகக் காட்சிக்குப் போகும் அந்தப் பையனிடம் பெயரைக் கேட்டு எழுதி வாங்கச் சொன்னேன்.

1970-களில் மதுரையில் போர்டு எழுதிக்கொண்டே படக்கதையும் வரைந்த ஒருவர் உங்கள் குடும்பத்தில், தெருவில் இருந்தாரா? இடது காதில் பென்சில் செருகியிருப்பார், மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் நூலால் கட்டியிருக்கும். தெரிந்தவர்கள் இதழ் முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: நானே 16 பக்கத்துக்கு ஒரு காமிக்ஸ் வரைந்திருக்கிறேன். தம்பி கலர் அடித்தான். என் கையெழுத்தை எந்த இடத்தில் போடுவது?
- ஏழாம் வகுப்பு மாணவி, காரைக்குடி

பதில்: முதல் பக்கத்தில் தலைப்புக்குக் கீழே போடு கண்ணு. படிக்கும்படி, முழுப் பெயர், ஊர், தேதி. கதை உன்னுடையதா, பாட்டி சொன்னதா? பாட்டி சொன்னதென்றால் அவர் பெயரும் வேண்டும். தம்பி பெயரை 'வண்ணம்' என்று எழுதி அதே அளவு எழுத்தில் போடு, குட்டியாகப் போட்டால் சண்டை வரும். கார்ல் பார்க்ஸின் பல கதைகளில் பேச்சுக் குமிழுக்குள் எழுத்து எழுதியவர் அவர் மனைவி காரே. அவர் பெயரும் வெகுகாலம் யாருக்கும் தெரியாமல்தான் இருந்தது.

எனக்கு ஒரு நகல் எடுத்து அனுப்பு. படித்துவிட்டு, எந்தப் பக்கம் பிடித்தது என்று எழுதுகிறேன். குதிரை வரைந்திருக்கிறாயா?